அம்மாவின் நிறம் மாறாத பிரிண்ட்

போன தை மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. தனியாக போட்டோகிராபர் யாரையும் வைக்கவில்லை. தம்பியிடம் நல்ல கேமரா இருந்தது, என் போன் இருந்தது, சித்தப்பா பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு சுற்றிச் சுற்றி எடுத்தார்கள், எல்லாம் சேர்த்தால் ஆயிரத்துச் சொச்சம் படம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து அதிலிருந்து 140 படங்களைப் பொறுக்கி, பென் டிரைவில் போட்டு, திருச்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு லேபில் 4க்கு 6 சைஸில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் கவரை வாங்கிவந்து நேராக அம்மா மடியில் வைத்தேன்.

எங்கள் அம்மா கறுப்பு. மாநிறம் என்று சொல்லிச் சமாளிக்கிற கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. கோயில் தூணில் எண்ணெய் ஊறிய இடம் எப்படி இருக்கும், அந்த மாதிரி. அன்றைக்கு மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள், அரக்குப் பட்டு கட்டியிருந்தாள், ஹோமத்தின் வெளிச்சம் கன்னத்தில் விழுந்தபோது அந்தக் கறுப்புக்கு அடியிலிருந்து ஒரு பொன்னிறம் எழும்பி வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதைத்தான் படமும் எடுத்தேன். கவரிலிருந்து வந்த படத்தில் அம்மா முகம் சாம்பல் பூத்து, லேசாக ரோஸ் அடித்து, யாரோ பவுடர் டப்பாவைக் கொட்டியது போல இருந்தது. அரக்கு தக்காளிச் சிவப்பாகியிருந்தது. அப்பாவின் வேஷ்டியில் ஒரு மடிப்பு தெரியவில்லை, வெறும் வெள்ளைப் பட்டை.

அம்மா நாலைந்து படங்களைப் பார்த்தாள். அப்புறம் கவரை மூடி என் பக்கம் தள்ளினாள். "பொண்ணு பாக்க வந்த நாள்லேர்ந்து எல்லாரும் இதத்தான் கொறையாச் சொன்னாங்க. நீயும் மாத்திட்டியாடி?"

நான் மாற்றவில்லை என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அடுத்த இரண்டு மாதம் லேப் லேபாக ஏறி இறங்கினேன். அப்படித் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் போனில் பத்தாயிரம் படம் வைத்திருக்கிற நாம் வருஷத்துக்கு ஒரு தடவை பிரிண்ட் போடப் போகிறோம், அந்த ஒரு தடவையும் எந்த லேப் பக்கத்தில் இருக்கிறது, எங்கே இரண்டு ரூபாய் குறைவு என்று மட்டும்தான் பார்க்கிறோம்.

முதலில் அதே லேபுக்குத்தான் திரும்பப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் மரியாதையாகவே பேசினான். "ஃபேஸ் கொஞ்சம் பிரைட் பண்ணித்தான் மேடம் போடுவோம். டல்லா இருந்தா கஸ்டமர் திருப்பிக் கொண்டாந்துருவாங்க." அவன் சொன்னதில் பொய் இல்லை. நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒருவர் வந்து பாஸ்போர்ட் சைஸ் படத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கலர் ஏற்றித் தரச் சொன்னார். கலர் ஏற்றுவது என்றால் வெளுப்பாக்குவது என்று அங்கே எல்லோருக்கும் புரிகிறது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவனே திரையைத் திருப்பிக் காட்டினான். படங்கள் ஆறு ஆறாக வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றின் கீழேயும் நாலு எண்: டென்சிட்டி, சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள். டென்சிட்டியைக் குறைத்தால் படம் வெளுக்கும், கூட்டினால் கறுக்கும், மற்ற மூன்றையும் வைத்து நிறத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தலாம். ஆனால் பெரும்பாலும் யாரும் அந்த எண்களைத் தொடுவதில்லை, ஆட்டோ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அது பார்த்துக்கொள்கிறது. ஆட்டோ என்ன செய்யும் என்றால், படத்தின் மொத்த வெளிச்சத்தையும் கூட்டிப் பார்த்து, சராசரி ஒரு நடுத்தரமான சாம்பலுக்கு வரும்படி ஏற்றி இறக்கும். எங்கள் படங்கள் எல்லாம் கருங்கல் மண்டபத்துக்குள் எடுத்தவை, பின்னால் இருட்டு, முன்னால் அம்மா. மெஷின் "இந்தப் படம் இருட்டாக இருக்கிறது" என்று முடிவு செய்து மொத்தத்தையும் வெளிச்சமாக்கிவிட்டது. அதோடு முகத்தைக் கண்டுபிடித்து முகத்தை மட்டும் வெளுப்பாக்கும் வசதியும் ஓடிக்கொண்டிருந்தது. இதுவே வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கிறவராக இருந்தால் நேர் எதிராக நடக்கும், சுவரின் வெள்ளையைப் பார்த்து மெஷின் எல்லாவற்றையும் இறக்கும், கறுப்பு முகத்தில் கண்ணும் பல்லும்தான் மிஞ்சும்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. கோடாக் கம்பெனி 1950கள் தொட்டு லேபுகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும், மெஷின் சரியாக ஓடுகிறதா என்று அதை வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்றவர் கோடாக்கிலேயே வேலை பார்த்த ஷெர்லி என்பவர், பிறகு வேறு வேறு பெண்கள் நின்றாலும் அந்த அட்டைக்கு ஷெர்லி கார்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பல நிறத்தவரும் சேர்ந்து நிற்கிற அட்டை 1990களில்தான் வந்தது. நம்மூர் ஸ்டுடியோக்களில் மூன்று தலைமுறையாக நம் அம்மாக்களும் ஆத்தாக்களும் ஒன்று வெளுத்தார்கள், இல்லை இருட்டில் கரைந்தார்கள் என்றால் அதில் ஃபிலிமுக்கும் பேப்பருக்கும்கூடப் பங்கு இருக்கிறது. இப்போது ஃபிலிம் இல்லை. அந்த ஆட்டோ பொத்தானை அழுத்தாமல் விட்டால் போதும். அதனால் லேபில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் வார்த்தை இதுதான்: "கரெக்ஷன் எதுவும் பண்ணாம, ஃபைல்ல இருக்கற மாதிரியே போடுங்க." இதைச் சொன்னதும் முகம் சுளிக்கிற லேபை விட்டுவிடலாம். "அப்படிப் போட்டா உங்க படம் கொஞ்சம் டார்க்கா வரும், ஒண்ணு ரெண்டு போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சொல்கிற லேபில் உட்காரலாம்.

சரி, மெஷின் விஷயத்துக்கு வருவோம். டிஜிட்டல் பிரிண்ட் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நானும் நினைத்திருந்தேன். நம்மூரில் மூன்று வகை ஓடுகிறது.

ஒன்று பழைய முறையின் தொடர்ச்சி. ஃபிலிம் காலத்தில் "ரோல் கழுவக் கொடுக்கிறேன்" என்போமே, அதே மாதிரி பேப்பரைக் கழுவி எடுக்கிற மெஷின். நொரிட்சு, ஃப்யூஜி ஃப்ரன்டியர் என்று பெயர் போட்டு, ஒரு சின்ன அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே இருட்டில் பேப்பர் ரோல் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேசர் ஒளி, இஞ்சுக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அந்தப் பேப்பர் மேல் படத்தை எழுதுகிறது. பேப்பரில் மூன்று அடுக்கு. நீல ஒளி பட்ட அடுக்கு மஞ்சளாகவும், பச்சை பட்டது மெஜந்தாவாகவும், சிவப்பு பட்டது சயானாகவும் மாறத் தயாராகும். அப்புறம் அந்த நிறங்களை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் தொட்டி, பிளீச் ஃபிக்ஸ் தொட்டி, கழுவும் தொட்டி, உலர்த்தி, நாலைந்து நிமிஷத்தில் சூடாக வெளியே வந்து விழும். வெள்ளி உப்பு தடவிய பேப்பர் என்றாலும் கடைசியில் படத்தில் வெள்ளி கொஞ்சமும் இருக்காது, பிளீச் ஃபிக்ஸில் முழுக்கக் கரைந்து போய்விடும், சாயம் மட்டும்தான் நிற்கும். இந்த வகைப் பேப்பரைக் கண்டுபிடிப்பது சுலபம். பின்பக்கம் திருப்பினால் மங்கலான எழுத்தில் கம்பெனி பெயர் சாய்வாக அச்சாகி இருக்கும். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் ஒரு படத்தை உருவித் திருப்பிப் பாருங்கள், கோடாக், ஃப்யூஜி, கோனிகா என்று ஏதாவது இருக்கும். கோனிகா போட்டோ தொழிலை விடுவதாக 2006இல் அறிவித்துவிட்டது, அந்தப் பெயர் இருந்தால் படத்தின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

இரண்டாவது, தெருமுனை ஸ்டுடியோவில் கவுண்டர் மேலேயே உட்கார்ந்திருக்கிற சின்னப் பெட்டி. ரிப்பனிலிருந்து சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி பேப்பரில் ஏற்றுகிற மெஷின். இது வேலை செய்வதை ஒரு தடவையாவது நின்று பாருங்கள். பேப்பர் வெளியே எட்டிப் பார்க்கும்போது அதில் மஞ்சளில் மட்டும் ஒரு அம்மா இருப்பாள். உள்ளே போகும். திரும்ப வரும்போது மெஜந்தா ஏறி, படம் ஆரஞ்சும் சிவப்புமாக, உதடும் பட்டும் தெரியும். மறுபடி உள்ளே போய் சயான் ஏறியதும் ஒரு நொடியில் தலைமுடி கறுப்பாகிறது, இலை பச்சையாகிறது, முகம் முகமாகிறது. நாலாவது தடவை கண்ணுக்குத் தெரியாத ஒரு மேல்பூச்சு. அந்தப் பூச்சு இருப்பதால் விரல் ரேகை, தண்ணீர்த் துளி எல்லாம் சீக்கிரம் ஒட்டாது.

மூன்றாவது ட்ரை லேப் என்கிறார்கள், இங்க் தெளிக்கிற மெஷின்தான், வீட்டு பிரிண்டரின் பெரிய அண்ணன். நாலு முதல் ஆறு நிற இங்க். ரசாயனத் தொட்டி கிடையாது, கழுவுகிற வேலை கிடையாது, அதனால் புதிதாகக் கடை போடுகிறவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள்.

எது நல்லது என்று கேட்டால், மூன்றிலும் நல்ல பிரிண்ட் பார்த்தேன், மூன்றிலும் மோசமானதும் பார்த்தேன். ஆனால் முதல் வகையில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். அந்தத் தொட்டிகளில் இருக்கும் மருந்து தினமும் வேலை செய்தால்தான் உயிரோடு இருக்கும். பேப்பர் உள்ளே போகப் போகப் புது மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொண்டே இருக்கும்படி மெஷினை அமைத்திருக்கிறார்கள். வேலை இல்லாத கடையில் டெவலப்பர் காற்றுப் பட்டு கெட்டுப்போகும், கறுப்பு கறுப்பாக வராது, வெள்ளையில் அழுக்கு மஞ்சள் தட்டும். அதனால் கூட்டம் இல்லாத, ஏசி குளுகுளுவென்று இருக்கிற லேபைவிட, கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள் ஹார்டு டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற லேப் மேல். இன்னொன்று, காலையில் மெஷினை ஓட்டியதும் ஒரு வண்ணக்கட்டப் பட்டையைப் பிரிண்ட் எடுத்து, அதை அளந்து, மெஷினைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பேப்பர் ரோல் மாற்றினாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். நான் நுழைந்த லேபில் எல்லாம் "காலையில செட்டப் போட்டாச்சாண்ணே?" என்று கேட்டேன். இரண்டு இடத்தில் என்னை வேற்றுக்கிரகத்து ஆள் போலப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் அந்த அண்ணன் எழுந்து உள்ளே போய் அன்றைய பட்டையையே எடுத்துவந்து காட்டினார். கடைசியில் அங்கேதான் கொடுத்தேன்.

ஆனால் பேச்சை மட்டும் நம்பிக் கொடுக்கவில்லை. ஒரு சோதனை வைத்தேன், இதை நீங்களும் செய்யுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். ஐந்து படம் போதும். ஹோமத்தின் முன் அம்மா முகம். வெயிலில் அப்பாவின் வெள்ளை வேஷ்டி. நிழலில் நிற்கிற, எங்கள் வீட்டின் எல்லா நிறமும் கலந்த ஒரு குடும்பப் படம். டியூப் லைட் வெளிச்சத்தில் பந்தி. ஐந்தாவதாக ஒரு கறுப்பு வெள்ளை, தாத்தாவும் பாட்டியும் ஸ்டுடியோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எடுத்துக்கொண்டது, ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். இந்த ஐந்தையும் ஒரே ஃபோல்டராக நாலு இடத்தில் கொடுத்தேன்: பழைய லேப், ஒரு ஸ்டுடியோ, கல்யாண ஆல்பம் போடுகிற அந்தப் பெரிய லேப், வீட்டுக்குக் கூரியரில் அனுப்புகிற ஒரு ஆன்லைன் லேப். எல்லா இடத்திலும் கரெக்ஷன் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன்.

ஐந்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான் எல்லா உண்மையையும் சொல்லிவிடுகிறது. கலர்ப் பேப்பரில் சாம்பல் நிறம் வர வேண்டுமானால் மூன்று சாயமும் சரிசமமாக நிற்க வேண்டும், ஒன்று ஒரு துளி கூடினாலும் சாம்பலில் அது தெரிந்துவிடும். பழைய லேபில் தாத்தாவின் ஜிப்பா பாசி பிடித்தது போல இருந்தது. ஆன்லைனில் கொஞ்சம் ரோஸ். ஸ்டுடியோவின் சின்னப் பெட்டி ஆச்சரியமாக நன்றாகவே போட்டிருந்தது, ஆனால் பாட்டியின் வெள்ளைச் சேலையில் கரை காணாமல் போயிருந்தது. பெரிய லேபில் தாத்தா தாத்தாவாகவே, பாட்டியின் சேலைக்கரை வரிசை வரிசையாகத் தெரிய, சாம்பல் சாம்பலாகவே வந்திருந்தது.

அந்தக் கறுப்பு வெள்ளையின் அசல் பிரிண்ட் இன்னும் வீட்டில் இருக்கிறது, ஓரம் மட்டும் பழுத்திருக்கிறது, முகங்கள் அப்படியே இருக்கின்றன. 1990இல் போட்ட அம்மா அப்பா கல்யாணத்தின் கலர் ஆல்பத்தைத் திறந்தால் எல்லாமே செம்மண் பூசியது போல ஆகிவிட்டது, சயான் சாயம் மங்கினால் அப்படித்தான் ஆகும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்று 1960இல் அரசாங்கம் தொடங்கிய தொழிற்சாலை இருந்ததே, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் அங்கிருந்து நாடு முழுக்கப் போனது. இப்போது அதுவும் மூடிக் கிடக்கிறது. நம் மலையில் செய்த பேப்பரில் நம் ஆட்களின் முகம் என்ற நினைப்பே எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

வந்த இருபது படங்களின் பின்னாலும் எந்த லேப் என்று எழுதி, கலைத்துப் போட்டு, வாசல் திண்ணையில் காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் பரப்பினேன். நேர் வெயில் கூடாது, டியூப் லைட் கூடவே கூடாது, டியூப் லைட்டில் பார்த்தால் நல்ல பிரிண்டும் பச்சை அடித்தது போல இருக்கும். அப்பா, தம்பி, அம்மா மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பிடித்ததை எடுக்கச் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

லேப் சரியாக இருந்தும் படம் கெட்டுப்போவது நம் பக்கத்துத் தவறுகளால். அதில் என்னுடையவை சிலவற்றைச் சொல்கிறேன். சித்தப்பா மகன் எடுத்த ஒரு அருமையான படம், அப்பா தாலி கட்டுகிற அந்த நொடி, வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தின் நீளப் பக்கத்தை 1600 புள்ளிக்குச் சுருக்கி, அதற்கு மேல் அமுக்கியும் விடும். 4க்கு 6 பிரிண்டுக்கு அது ஓரளவு தாங்கும். நான் அதையே 8க்கு 12 போடச் சொன்னேன், இஞ்சுக்கு 133 புள்ளிதான் கிடைத்தது, அம்மாவின் கழுத்து நகையெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அவனிடம் அசலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்கிப் போட்டதும் ஒவ்வொரு மணியும் தெரிந்தது. 8க்கு 12 நன்றாக வர 2400க்கு 3600 புள்ளி வேண்டும், அதாவது எட்டரை மெகாபிக்சலுக்குச் சற்று மேல். இப்போதைய போன்கள் பெரும்பாலும் அதைத் தரும், நடுவில் வாட்ஸ்அப் புகுந்து தின்னாமல் இருந்தால்.

தம்பி கேமராவில் வேறு சிக்கல். பட்டுச் சேலைகள் எல்லாம் களையிழந்து வந்தன. கேமராவில் நிற அமைப்பை அடோபி ஆர்ஜிபி என்று மாற்றிவைத்திருக்கிறான், அதில் நிறம் அதிகம் என்று யாரோ சொன்னார்களாம். நிறம் அதிகம்தான், ஆனால் பெரும்பாலான லேப் எல்லா ஃபைலையும் எஸ்ஆர்ஜிபி, அதாவது பொதுவாகப் புழங்குகிற நிற அமைப்பு, என்று நினைத்துத்தான் படிக்கும். அதனால் சிவப்பு செத்துப்போகும். ஃபைல் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால் பெரும்பாலும் அடோபி ஆர்ஜிபிதான், எஸ்ஆர்ஜிபியாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஐபோன்காரர்களுக்கு: உங்கள் படம் எச்இஐசி ஃபைலாக இருக்கும், பாதி லேபில் திறக்காது, ஜேபெக்காக மாற்றிக்கொண்டு போங்கள்.

அப்புறம் சைஸ். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். போன் படம் 4க்கு 3 கணக்கு. பிரிண்ட் 6க்கு 4. அகலத்தை ஆறு இஞ்சுக்குப் பொருத்தினால் உயரம் நாலரை இஞ்சு வரும், பேப்பரோ நாலுதான், மேலும் கீழும் சேர்த்து அரை இஞ்சை மெஷின் தானாக வெட்டித் தள்ளும். அரை இஞ்சில் என்ன வந்துவிடப் போகிறது என்றால், என் படத்தில் அப்பாவின் காலில் விழுந்து கும்பிடுகிற பேரனின் கையும் அப்பாவின் பாதமும் போய்விட்டன. அந்தப் படத்தில் வேறு என்ன இருக்கிறது? நீங்களே முன்கூட்டி வெட்டிக் கொடுங்கள், அல்லது வெள்ளை ஓரம் விட்டு முழுப்படத்தையும் பொருத்தச் சொல்லுங்கள். கேமரா படம் 3க்கு 2 என்பதால் 4க்கு 6, 8க்கு 12, 12க்கு 18 மூன்றிலும் வெட்டே விழாது. 5க்கு 7, 8க்கு 10 என்று போனால் அதிலும் விழும்.

போனில் பார்த்ததைவிட பிரிண்ட் இருட்டாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். திரை உள்ளேயிருந்து ஒளி விடுகிறது, பேப்பர் மேலே விழுகிற ஒளியைத்தான் திருப்பித் தரும். திரை வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கிவைத்துப் பார்த்துவிட்டுத் தேவையானால் நீங்களே கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள். அம்மா படங்களை நான் அப்படித்தான் செய்தேன், முகத்தைத் தனியாகத் தொடாமல் மொத்தப் படத்தையும் ஒரு பிடி ஏற்றினேன், அவ்வளவுதான். அந்த ஒரு பிடி எவ்வளவு என்பதை லேப் மெஷின் முடிவு செய்வதற்கும் பக்கத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்த நான் முடிவு செய்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பேப்பரில் கிளாஸி பளபளப்பு, கறுப்பு ஆழமாகத் தெரியும், ஆனால் கை பட்ட இடமெல்லாம் ரேகை, கண்ணாடிச் சட்டத்தில் நேராக வைத்தால் நம்மூர்ப் புழுக்கத்துக்குக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது முகத்தோடு வரும். இடையில் ஒரு அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். நான் ஆல்பத்துக்குப் பளபளப்பு இல்லாத மேட்தான் போட்டேன். மெட்டாலிக் பேப்பரில் நகையும் தீபமும் ஜொலிக்கும், ஆனால் தோல் மேலும் ஒரு முத்துப் பளபளப்பு ஏறிவிடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. லேமினேஷன் வேண்டவே வேண்டாம் என்பேன், ஓரம் திறந்துகொண்டால் ஈரம் உள்ளே போய் வெளியே வராது.

ஈரம் என்றதும் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் நினைவுக்கு வருகிறது. முடிச்சூரில் இருந்த பெரியம்மா வீட்டில் தண்ணீர் கழுத்தளவு ஏறியது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் சேற்றில் மூழ்கின. பெரியம்மா அவற்றை அப்படியே வெயிலில் காயவைத்தாள், காய்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிட்டன. கழுவி எடுத்த வகைப் படங்களை ஈரம் காயும் முன்பே சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டு, மெதுவாகப் பிரித்து, முகப்பைத் துடைக்காமல் நிழலில் கொடியில் மாட்டி உலர்த்தியிருந்தால் நிறைய மிஞ்சியிருக்கும், முதலில் அவை பிறந்ததே தண்ணீரில்தானே. 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் ஃப்யூஜிஃபிலிம் ஆட்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து சேற்றில் கிடைத்த குடும்பப் படங்களைக் கழுவிக் கழுவிச் சொந்தக்காரர்களிடம் சேர்த்தார்கள். இது எங்களுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. பெரியப்பாவின் ஒரே கல்யாணப் படம் அந்தக் கட்டைக்குள் இருக்கிறது. பெரியம்மா அதைத் தூக்கிப் போடவும் இல்லை. முக்கியமான படங்களை நான் கழுவுகிற லேபிலேயே போடுவதற்கு இது ஒரு காரணம், சாதாரண இங்க் பிரிண்ட் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும்.

ஆன்லைன் லேபைப் பற்றியும் கேட்பீர்கள். நல்ல லேப் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு அது வரம்தான். ஆனால் தவறு வந்தால் பக்கத்தில் நின்று "இந்த மஞ்சளைக் கொஞ்சம் குறைங்கண்ணே" என்று சொல்ல ஆள் இல்லை, வெட்டு எங்கே விழுகிறது என்பதையும் ஒவ்வொரு படமாக நீங்கள்தான் பார்த்து நகர்த்த வேண்டும்.

எந்த லேபானாலும் கேமரா கார்டை அப்படியே கொடுக்காதீர்கள். பென் டிரைவில் பிரதி எடுத்து, போடவேண்டிய படங்களை மட்டும் வைத்துக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அவர்கள் கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்கச் சொல்லி, அழிக்கிற வரை நில்லுங்கள். ஒரு லேபில் திரையில் ஊரில் உள்ள அத்தனை பேர் வீட்டு வளைகாப்பும் ஃபோல்டர் ஃபோல்டராக, பெயரோடு இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

140 படங்களையும் பெரிய லேபில் மறுபடி போட்டேன். ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய், பழைய இடத்தைவிட நாலு ரூபாய் கூடுதல். பந்திப் படங்கள் சரியாக வரவில்லை, ஒரு பக்கம் டியூப் லைட் பச்சை, ஒரு பக்கம் வாசல் வழியாக வந்த வெயில். அந்த அண்ணன் என்னைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, மெஜந்தாவை ஒன்று கூட்டி ஒரு பிரிண்ட், மஞ்சளை ஒன்று குறைத்து ஒரு பிரிண்ட் என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தார். கூடுதலாகப் போட்டதற்குக் காசு வாங்கவில்லை. "அம்மா முகத்த வச்சுத்தான் பாக்கறேன்ம்மா, அவங்க சரியா வந்துட்டா மத்தவங்களும் வந்துருவாங்க" என்றார். நான் பதில் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வரவில்லை.

கவரைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். கொல்லைப்புறத்துப் படியில், வெளிச்சமாக இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஹோமத்தின் முன்னால் இருக்கிற படம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பட்டு அரக்காகவே இருந்தது, நெருப்பு வெளிச்சம் கன்னத்தில் அப்படியே விழுந்திருந்தது. பின்பக்கம் திருப்பி அதில் அச்சாகியிருந்த சின்ன எண்ணைப் பார்த்தாள்.

"இந்த நம்பர் படம் இன்னும் நாலு போடச் சொல்லு. காரைக்கால்ல சித்திக்கு ஒண்ணு, பெரியம்மாவுக்கு ஒண்ணு, தம்பி வீட்டுக்கு ஒண்ணு."

இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன்.

"பீரோ கண்ணாடில சொருகி வைக்கத்தான்" என்றாள்.